விளக்கு மீனும் ஜிகினா வாலும்

பொருட்காட்சி ஸ்டாலில் நின்று விளக்கம் சொல்கிற உத்தியோகத்தில் முதலில் போவது தொண்டை, அடுத்தது மானம். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல், கிடைத்த வேலையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழ?

எழுபதுகளின் கடைசி. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டுப் பழங்காநத்தத்தில் சும்மா கிடந்த என்னை, தூத்துக்குடிக்காரர் ஒருவர் சித்திரைப் பொருட்காட்சியில் தன் 'ஆழ்கடல் அதிசயம்' ஸ்டாலில் சேர்த்துக்கொண்டார். ஜாடி ஜாடியாக மருந்துத் தண்ணீரில் விசித்திர ஜீவன்கள். அதில் ஒரு மீன், சூரிய வெளிச்சமே எட்டாத ஆழத்தில் தன் தலையில் தானே விளக்கு ஏற்றிக்கொண்டு திரிவது. மனுசன் நிலாவுக்கே போய்விட்டான், அந்த ஆழத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை! சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கும். கூட்டம் சேரவில்லை என்றால் ஜாடிகளைத் தூக்கிவிட்டு வேறு ஏதாவது வைத்துவிடுவேன் என்று முதலாளி முதலிலேயே மிரட்டியிருந்தார். அதனால் உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

எரியாத விளக்கு

திருநகர் ஆபீஸ்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். விளக்கு மீனின் தலையில் தூண்டில் மாதிரி நீண்டிருக்கும் நுனியில் வெளிச்சம் வரும், இரை அதை நம்பி வாய்க்குள் வந்து விழும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஜாடியைத் தட்டினார். அட, செத்த மீனய்யா அது!

"என்ன தம்பி, லைட்டு எரியலையே, இதுக்கும் பவர்கட்டா?"

வீட்டோட மாப்பிள்ளை

உசிலம்பட்டிப் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரி குடும்பம். அந்த மீனில் ஆண் இத்தனூண்டு. பெண்ணைக் கண்டால் கடித்து, ஒட்டிக்கொண்டு, அவள் ரத்தத்திலேயே காலம் தள்ளும் என்றேன். எம்புட்டுப் பெரிய அதிசயம்! வாயைப் பிளக்க வேண்டாமா? கூட வந்த அம்மா, பின்னால் நின்ற மருமகனை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு தம்பி, அதுக்கு யாரும் டிக்கெட்டு போடலையே!"

கடல்கன்னி

முதலாளி சொன்னதைச் செய்துவிட்டார். ஜாடிகள் திரைக்குப் பின்னால் போயின. முன்னால் ஒரு தொட்டி, அதில் ஜிகினா வால் கட்டிய ஒரு பெண். 'உயிருள்ள கடல்கன்னி' என்று மைக்கில் நான் கூவ வேண்டுமாம். மைக்கை வாங்கினேன். "இது பொய்! வால் வெறும் துணி! நிஜ அதிசயம் உள்ளே இருக்கு, வந்து பாருங்க!" என்று கூவினேன். வரிசை ஒரு இஞ்சு நகரவில்லை. முன்னால் நின்ற பூக்கடைக்காரருக்குத்தான் கோபம் வந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சுதாண்ணே நிக்கிறோம், ஊடால நிஜத்தை எதுக்குக் கொண்டாந்து போடுறீங்க?"

பையை எடுக்கப் போனபோது

அன்றைக்கே என் சீட்டுக் கிழிந்தது. பையை எடுக்கத் திரைக்குப் பின்னால் போனேன். கடல்கன்னி வாலை மடித்துப்போட்டு, டீ கிளாசும் கையுமாக அந்த மீன் ஜாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

"அண்ணே, அம்புட்டு இருட்டுல இந்த ஒத்தை விளக்கை மட்டும் வச்சுக்கிட்டு, இதுக்குப் பயமா இருக்காதா?"

அந்தப் பொருட்காட்சி முழுக்கக் கடலைப் பற்றி உருப்படியாக ஒரு கேள்வி கேட்டது அந்தப் பொய்க் கடல்கன்னி ஒருத்திதான், அதற்கும் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை.