நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

1991 கோடை விடுமுறை. பிற்பகல் மூன்று பத்துக்கு ஒரகடத்திலிருந்து வரும் கம்பெனி பஸ் படப்பையில் நின்றது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த என் மகள் இறங்கவில்லை. ஐந்து மணிக்கு வெயிலில் நடந்தே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. மெஷினில் தூங்கினாள் என்று சூப்பர்வைசர் வெளியே அனுப்பிவிட்டாராம். உண்மையில் அவள் மயங்கி விழுந்திருக்கிறாள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியவள்.

நான் பள்ளி ஆசிரியை. பதற்றத்தில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். 'தெரியாமல் நடந்த தவறை மன்னிக்கவும்' என்று அழகாக ஒரு கடிதம் எழுதி, அவளைக் கையெழுத்துப் போட வைத்து அனுப்பினேன். நாலாம் நாள், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வேலைநீக்கம் என்று பதில் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, ஸ்ரீபெரும்புதூரில் சைக்கிள் கடை மாடியில் இருந்த தொழிலாளர் வழக்கு வக்கீலைத் தேடிப் போனோம். கடிதத்தின் நகலை அவர் இரண்டு முறை படித்தார்.

"சூப்பரா எழுதிகீறீங்க டீச்சர். கம்பெனிக்கு வேலையே வெக்கல."

எனக்கு முகம் எரிந்தது. மகளிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டார். மயங்கியபோது எங்கே கொண்டுபோனார்கள், யார் தண்ணீர் கொடுத்தது, எதிலாவது எழுதினார்களா என்று. பிறகு, தொழிலாளர் அலுவலர் முன் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீல் உட்கார முடியாது, அவள்தான் பேச வேண்டும் என்றார். நான் பேசுகிறேன் என்றேன்.

"நீங்க பேசினது போதும் டீச்சர். பொண்ணு பேசட்டும்."

பேச்சு நடந்த அன்று, காஞ்சிபுரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் வக்கீல் நின்றார். உள்ளே மேனேஜர் என் கடிதத்தை எடுத்து நீட்டினார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

"அது எங்கம்மா எழுதினது சார். நான் பயந்துகினு கையெழுத்துப் போட்டேன். தூங்கல, மயங்கி விழுந்தேன். முதலுதவி ரூம் நோட்டுல நர்ஸ் எழுதியிருக்காங்க. அதைக் கொண்டாரச் சொல்லுங்க."

அந்த நோட்டை அடுத்த முறை கொண்டு வரும்படி அலுவலர் மேனேஜரிடம் சொன்னார். அடுத்த முறை அவர்கள் நோட்டைக் கொண்டு வரவில்லை, அவளை மறுபடி வேலைக்குச் சேர்க்கும் உத்தரவைக் கொண்டு வந்தார்கள்.

யாருக்காகவும் மன்னிப்பு எழுதும் முன், தப்பு நடந்ததா என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு அதே நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பத்துக்கு பஸ் வந்தது. கழுத்தில் அட்டையோடு முதல் ஆளாக இறங்கிய மகள் சொன்னாள்:

"அம்மா, இனிமே எனக்கு லீவ் லெட்டர்கூட நீ எழுதாதே."