பின்னால் ஒரு கதிரை

சனிக்கிழமை காலையில் பரீனா பஸ் தரிப்பிடத்தை நோக்கி முன்னே நடப்பாள். அவளுடைய பையை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கணவர் ஜமால்தீன் பின்னாலேயே ஊர்ந்து வருவார். மூதூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குத்தான் பயணம். அவள் பஸ்ஸில், அவர் பைக்கில்.

சாதாரணப் பைக்கா அது? நானூறு சிசி குரூஸர்! முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடி, இரு பக்கமும் தோல்பெட்டி, பின்னால் இருப்பவர் முதுகு சாய்க்க மெத்தை. திருகோணமலைத் துறைமுகத்தருகே வலையும் கயிறும் விற்கும் மனிதருக்கு ஐம்பது தாண்டிப் பிடித்த பைத்தியம். ஆள் கட்டை. இருக்கை தாழ்வு என்பதால் கால் நிலத்தில் முட்டுகிறது. அந்தப் பெருமை வேறு. தேத்தண்ணி குடிக்கப் போனாலும் "டூர் போறன்" என்றுதான் சொல்வார். இலங்கை முழுக்கச் சுற்றவேண்டும் என்று ஆசை. ஆனால் பரீனா ஏறாமல் புறப்பட மனம் வரவில்லை. அவளோ மெத்தையைக் கண்ட அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பல்லுப் புடுங்கிற கதிரை மாதிரிக் கிடக்கு. அதுல சாஞ்சுக்கிட்டு நடுறோட்டால நான் வாறதா? சனம் சிரிக்கும்!"

ஆகவே மனிதர் பஸ்ஸை விடாமல் துரத்துவார். அது நிற்கும் இடமெல்லாம் அவளுடைய யன்னலுக்குக் கீழே போய் நின்று, "புள்ள, தண்ணி வேணுமா?" என்பார். பெட்டியிலிருந்து போத்தல் மேலே போகும், வறுத்த கச்சான் பொட்டலம் மேலே போகும். சாரதிக்கும் பழகிவிட்டது, கைமாறும்வரை பொறுத்திருப்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். பரீனா மட்டும் வேறு யாருடைய புருசனோ என்பதுபோல் கடலைப் பார்ப்பாள்.

போன சனிக்கிழமை கிண்ணியாப் பாலத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. பரீனாவுக்குப் பக்கத்தில் இருந்த அயல்வீட்டு அசனா யன்னலால் எட்டிப் பார்த்தாள். இருவரையும் அண்ணன், அக்கா முறைவைத்து அழைப்பவள்.

"காக்கா, கதிரை சும்மாதானே கிடக்கு. ராத்தாக்கு ஏலாதெண்டா நான் இருந்துட்டு வரட்டா?"

ஜமால்தீன் பாவம், திகைப்பில் வாய் தவறி, "ஓம்" என்றுவிட்டார்.

சிரிப்பில் பஸ் குலுங்கியது. பரீனா விசுக்கென்று எழும்பினாள். அசனாவின் காலை மிதித்ததையும் கவனிக்காமல் இறங்கினாள். அவளுக்கென்றே அவர் பெட்டியில் வைத்திருந்த ஹெல்மட்டை முக்காட்டுக்கு மேல் கவிழ்த்து, அபாயாவைக் கூட்டிப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எடுங்க!"

மனிதருக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாலத்தில் பூனைபோல் ஊர்ந்தார். பஸ் முந்திப் போனது, அசனா கையசைத்தாள். அடுத்த கணம், பஸ் தகரத்தில் நடத்துனர் தட்டுவதுபோல் அவருடைய தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்!"