ஒதியம்பட்டில் ஒரு முறம் தவிடு

ஐப்பசி பிறந்தால் மற்றவர்கள் வீட்டுக்கு மழை வரும். எங்கள் வீட்டுக்குத் துணி வரும். என் வீட்டுக்காரர் விழுப்புரம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே மெஷின் ஓய்வதில்லை. அவர் வெட்டுவார், தைப்பார். நான் காஜா எடுப்பேன், பொத்தான் வைப்பேன். கூடத்தில் கால் வைக்க இடமிராது. இந்த அமளியில் ஏழு வயது முருகேசனையும் நாலு வயது செல்லம்மாவையும் யார் பார்ப்பது? ஊசியை வாயில் போட்டுக்கொள்ளுமோ, இஸ்திரிப் பெட்டியில் கை வைக்குமோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் புரட்டாசிக் கடைசியில் இரண்டையும் கொண்டுபோய், பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கிற ஒதியம்பட்டில் என் நாத்தனார் வீட்டில் விட்டோம்.

கொண்டுபோய் விட்டதும் நான்தான், பிறகு வயிறெரிந்ததும் நான்தான். போன வாரம் மாடு பார்க்க அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர், "உங்க பொண்ணு அத்த இடுப்ப விட்டு எறங்கறதே இல்லமா. அவங்கள அம்மான்னு கூட ரெண்டு தரம் கூப்புட்டுச்சு" என்று சொல்லி, நான் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனார். அன்று நான் எடுத்த காஜாவெல்லாம் கோணலாகப் போயிற்று.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் காலை வண்டிக்குக் கிளம்பினேன். "சாயங்கால வண்டிய உட்டுடாத. சட்டை அப்படியே கெடக்குது" என்றார் வீட்டுக்காரர், வாயில் நூலைக் கடித்தபடி. என் கையில் ஒரே ஒரு மூட்டை. அதில் முருகேசனுக்கு ஒரு சட்டை, செல்லம்மாவுக்குச் சிவப்புப் பாவாடை, ரவிக்கை. யாருக்கும் தெரியாமல் ஊரார் துணிக்கு நடுவே நான் தைத்தவை.

வில்லியனூருக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு ஐந்தணா. தூரம் பதினெட்டு மைல் இருக்கும். வளவனூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பாய், வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர், ஜன்னல் பலகையை இறக்க உதவினார்.

"புள்ளைங்களக் கூட்டியாரப் போறியாம்மா? மூட்டையில புதுத் துணியா? போறப்ப ஒன்னும் கேக்கமாட்டான். வர்றப்பதான் சின்னபாபுசமுத்திரத்துல சுங்கக்காரன் ஏறுவான். பிரெஞ்சு ஊரு பட்டு, சென்ட்டுன்னு ஏதாவது வாங்கிடாத, உருவி எடுத்துப்பான்."

"நான் எம் புள்ளைங்களத்தான் எடுத்துக்கினு வரப்போறேன் பாய்."

"அதுக்குச் சுங்கம் இல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வில்லியனூரில் இறங்கினால் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் மழைக்கு ஒதுங்கி நின்றார். அவ்வளவுதான் வேறு ராஜ்யம் என்பதற்கு அடையாளம். வண்டிக்காரர் ஒதியம்பட்டுக்கு ஒரு பணம் கேட்டார். நம் கணக்கில் இரண்டணா. பேரம் பேசுகிற மனம் எனக்கு அன்று இல்லை. கோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி தெற்கே திரும்பியது. இங்கே சாலையில் மைல் கல் கிடையாது, கிலோமீட்டர் கல்தான். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே தூரம் குறைவு. அவசரமாகப் போகிறவளுக்கு அதிலே ஓர் ஆறுதல் இருந்தது.

இரண்டு பக்கமும் சம்பா நடவு. மழையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் புதுத் தண்ணீர். கரும்புத் தோட்டம் ஒன்று காற்றில் சலசலத்தது. எங்கள் தெருவில் சாக்கடையும் இஸ்திரிக் கரிப் புகையும்தான். இந்தப் பச்சையைத் தினமும் பார்த்துக்கொண்டு, என் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இருக்கிறாளே ஒருத்தி என்று நினைத்தபோது, நாத்தனாரின் வயலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நாத்தனார் பெயர் அஞ்சலை. என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. அவளுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள், மூன்றும் ஏர் ஓட்டுகிற வயது. நடவு நேரத்தில் அவள் வீட்டிலும் யாருக்கும் உட்கார நேரமில்லை. ஆனால் அவள் வேலை வேறு மாதிரி. நாற்றுக்கட்டுத் தூக்கினாலும் பிள்ளையை வரப்பில் உட்கார வைத்துக்கொள்ளலாம். கஞ்சி கொண்டுபோனாலும் கூடவே இழுத்துப் போகலாம். என் வேலையில் பிள்ளைக்கு இடமில்லை. அவள் வேலையில் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

வண்டிச் சத்தம் கேட்டு முருகேசன் சேறும் சகதியுமாக ஓடிவந்து என் புடவையெல்லாம் கறையாக்கினான். அவன் பின்னால் அண்ணி வந்தாள், இடுப்பில் செல்லம்மா.

"யாரு வந்துகீறாங்க பாரு! ஒங்கம்மாடி!"

செல்லம்மா என்னை ஒரு விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு அண்ணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"வெக்கம். கொஞ்ச நேரத்துல வந்துடும்" என்றாள் அண்ணி. அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். அந்த நல்லபடிதான் எனக்குச் சகிக்கவில்லை.

உடனே மூட்டையைப் பிரித்துச் சிவப்புப் பாவாடையைக் காட்டினேன். ஆசையாகக் கிட்டே வந்தாள். கட்டிவிட்டேன், இடுப்பில் இரண்டு விரல் அளவுக்கு நாடா எட்டவில்லை. பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. ரவிக்கை தோளில் ஏறவே மறுத்தது. ஊரார் உடம்பைக் கண்ணாலேயே அளந்து துணி வெட்டுகிற வீடு எங்கள் வீடு. என் பெண்ணுக்கு நான் போன மாதத்து அளவில் தைத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் ஆற்று மீனும் எருமைத் தயிரும் அவளைத் தேற்றிவிட்டிருந்தன.

"நல்லா சாப்புடுதுடி. அங்க நீ ஊட்டறதுக்கு நேரம் ஏது?" என்றாள் அண்ணி. இதைக் கேட்டபோது என் காது சுட்டது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். விரால் குழம்பு. நான் முள் எடுத்து உருண்டை பிடித்து நீட்டினேன். செல்லம்மா தலையை ஆட்டிவிட்டு அண்ணியின் கையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அம்மா ஊட்டறேன், வாங்கிக்கோடி."

"நீ எங்கம்மா இல்ல. நீ தவுடு வாங்கிக்கினு என்ன அத்தைகிட்டக் குடுத்துட்ட இல்ல?"

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணியின் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது நிஜம். செல்லம்மாவுக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தை எனக்குத் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, அரை முறம் தவிட்டுக்கு அண்ணியிடம் விற்றோம். யாரோ பெற்ற பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்பதற்காக எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம். விற்ற கையோடு, வேறொருத்தி பிள்ளையை வளர்க்கிற மாதிரி நான் தூக்கி வந்துவிட்டேன். பிள்ளை தேறிய பிறகு பெற்றவள் தவிட்டைத் திருப்பி அளந்து மீட்டுக்கொள்ள வேண்டும். வாங்கியவள் அந்தத் தவிட்டை வைத்துக்கொண்டால்தான் பிள்ளை கைமாறியதாக அர்த்தம். எங்களுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? மீட்காமலே நாலு வருஷம் ஓடிவிட்டது.

"நான் தவுடு குடுத்து வாங்கின பொண்ணுடி இது. நீ சும்மா வளக்கறவதான்" என்று அண்ணி எனக்குக் கண்ணடித்தாள்.

நான் இலையை விட்டு எழுந்தேன். பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். தவிடு கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"எம் பொண்ண வாங்க."

உலக்கையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க அவர்களும் கூடவே வந்தார்கள். செல்லம்மா பிறந்தபோது அண்ணி கொடுத்தது அரை முறம். நான் முழு முறம், கோபுரமாகக் குவித்து எடுத்துப் போனேன்.

"இன்னாடி இது?"

"வாங்கிக்குங்க அண்ணி. எம் புள்ளையக் குடுத்துடுங்க."

"நான் வெளாட்டுக்குச் சொன்னேன்டி."

"நான் வெளாட்டுக்குக் கொண்டாரல."

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கை முறத்துக்கு வரவில்லை. செல்லம்மா இடுப்பிலிருந்து குனிந்து தவிட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அண்ணியின் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பி, "வாங்கிக்க அத்த. நம்ம செவல மாட்டுக்குத் தவுடுன்னா ரொம்பப் புடிக்குமில்ல" என்றாள்.

வந்திருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி பிள்ளையை இறக்கிவிட்டு, முறத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். செல்லம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப நான் ஒன் புள்ளையா?"

"ஆமாண்டி."

"அப்ப அந்தப் பாவாடையக் கட்டு."

நாடாவோடு ஒரு துண்டுக் கயிற்றை முடிந்து கட்டிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, திருப்தியாகத்தான் இருந்தது. அவளே என் மூட்டையைக் கட்டித் தந்தாள். "முறுக்கு இருக்குது, கத்திரிக்கா இருக்குது. மேல எதையும் வெச்சு அமுக்காத" என்றாள்.

வண்டி கிளம்பியதும் செல்லம்மா "அத்தே!" என்று ஓர் அலறல் அலறினாள். வில்லியனூர்க் கோபுரம் தெரிகிற வரை அழுகை ஓயவில்லை. ரயிலில் ஏறியதும் முருகேசன் ஜன்னலோரம் பிடித்தான்; அவள் என் மடியில் படுத்துக்கொண்டாள்.

சின்னபாபுசமுத்திரத்தில் பாய் சொன்னபடி சுங்கக்காரர் ஏறினார். என் மூட்டையை அவிழ்த்தார். முறுக்கு, கத்தரிக்காய், அடியில் அண்ணியின் பழைய புடவைத் துணியில் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். ஏதோ அகப்பட்டது என்று அவசரமாகப் பிரித்தார். தவிடு. கைவிட்டுத் துழாவினார். உள்ளே ஒன்றுமில்லை, அடிவரை தவிடுதான்.

"வூட்ல மாடு வெச்சிருக்கியாம்மா?"

"இல்லீங்க."

"அப்புறம் பிரெஞ்சு ஊர்லருந்து தவுட்டையா கட்டிக்கினு போற? யாருக்கு?"

செல்லம்மா மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது என் வெல" என்றாள். "அத்த திருப்பிக் குடுத்துடுச்சு."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூட்டையின்மேல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனார். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லம்மா மறுபடி தூங்கிப் போனாள்.

விலையை ஒரு மணிகூடக் குறையாமல் திருப்பிக் கட்டியிருந்தாள் அண்ணி. வாங்கவே இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் செல்லம்மா இன்னும் அவள் பிள்ளைதான். ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிடலாம் என்று பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். வளவனூர் வந்தது, போயிற்று. வீட்டில் எனக்காகக் காத்திருக்கிற சட்டைகள் நினைவுக்கு வந்தன. அடுத்த ஐப்பசிக்கும் துணி வரும்; அடுத்த ஐப்பசிக்கும் இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள எனக்கு ஒதியம்பட்டு இடுப்பைத் தவிர வேறு இடமில்லை. பொட்டலத்தை முன்னைவிட இறுக்கி முடிந்து, கத்தரிக்காய்க்கு அடியில் வைத்தேன். பிறகு மூட்டையின் ஓரத்தில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்து, தூங்குகிறவளின் இடுப்பில் கயிற்றைத் தளர்த்திவிட்டு, பாவாடையின் பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.