ஒற்றைக் குழந்தைக்கு ஒரு குப்பி

எங்கள் தடுப்பூசி அறையில் ஊசியக்கா என்றால் ஒருவர்தான். இருபத்திரண்டு வருட நர்ஸ். ஒன்றரை மாதத்தில் எது, ஒன்பது மாதத்தில் எது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தேதியைத் தவறவிட்ட அம்மாக்களை வீடு தேடிப் போய் வாங்கு வாங்கென்று வாங்குவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் கிடைக்கும்.

தட்டம்மைக் குப்பி ஒன்றில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். கலந்துவிட்டால் நான்கு மணி நேரம்தான் கணக்கு, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதனால் ஐந்து குழந்தைகள் சேராமல் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. உட்கார்ந்த இடத்தில் உத்தரவு போடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தப் புதன்கிழமை ஒரே ஒரு குழந்தைதான் வந்தது. ஒன்பது மாதப் பெண். கட்டட வேலை செய்யும் அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பதிவேடு எழுதும் நான், அடுத்த வாரம் வரச் சொன்னேன். வேலை முடிந்துவிட்டது, நாளைக் காலையே வேறு ஊருக்குப் போகிறோம் என்றாள். நான் ரூல் பேசினேன். அவள் குழந்தையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நில்லும்மா," என்றார் அக்கா.

மருந்தைக் கலந்து, ஊசியைப் போட்டு, அவர்களை அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் வந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் இப்படி ஒரு பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாராம். அடுத்த வாரத்துக்குள் அவனுக்குத் தட்டம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டதாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி வந்தார். ஒன்பது பேருடைய மருந்து வீண் என்று குதித்தார். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேலைநீக்கத்துக்கு எழுதுவேன் என்று தாளை நீட்டினார். அக்கா உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எழுதினார்: "அடுத்த முறையும் ஒரு குழந்தை வந்தால் திறப்பேன்." கையெழுத்தும் போட்டார்.

அதிகாரி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நான் தாளை வாங்கி, அக்காவின் கையெழுத்துக்குக் கீழே சாட்சி என்று எழுதாமல் "நானும்தான்" என்று எழுதி என் கையெழுத்தையும் போட்டேன்.

"நீயுமா? உனக்கு என்ன சம்பந்தம்?" என்றார்.

"அந்தக் குழந்தைய திருப்பி அனுப்பப் பார்த்தது நான்தான் சார்."