வெள்ளைத் தூசி, கறுப்புத் தூசி

அந்தக் கம்ப்யூட்டருக்கு உதிரிகள் தேர்ந்தெடுத்த நாட்களில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடப்பேன். காலையில் முடிவு செய்த பிராசஸரை மதியம் மாற்றுவேன். அதை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், மதர்போர்டை மாற்றினால் ரேம் பொருந்தாது. சாயங்காலம் மறுபடி காலை முடிவிலேயே வந்து நிற்பேன்.

கம்ப்யூட்டர் எனக்கில்லை. பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு போடும் ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு. கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள்; படிப்பைவிட கேம் விளையாடுவதில் தீவிரம். நான் பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து தருவதைக் கேள்விப்பட்டு, அவள் அப்பா நேரில் வந்து, "இருக்கறதுலயே நல்லதா பண்ணிக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை என் கைக்கு வந்ததெல்லாம் செத்துப்போன மிஷின்கள். முதல் திருகிலிருந்து நானே கட்டப்போகும் முதல் மிஷின் இதுதான்.

அதே சமயம் மாமா எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவன் மாதச் சம்பளத்துக்குப் போகாமல் வீட்டில் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அவருக்கு எங்கள் ஊர் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் களிமண் அரைக்கும் வேலை. ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த ஒண்ணு ஒழுங்கா ஓடட்டும். ஓடுச்சுன்னா மாமாகிட்ட நானே பேசறேன். இல்லன்னா பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு உதிரியும் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் டிக்கெட்டாகத் தெரிந்தது.

கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கூலர் எல்லாம் ஒருவழியாக முடிவானது. மிச்சம் பெட்டி மட்டும். கடைக்காரர்கள் அதைக் கேபினெட் என்பார்கள். வீடியோ பார்த்துப் பார்த்து என் வாயில் கேஸ் என்றே வரும். சென்னைக் கடைக்காரரிடம் போனில், "கேஸுதாங்க இழுத்துக்கிட்டே போவுது, அத முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னடா கேஸு? யாரு மேல?"

"கம்ப்யூட்டரு கேஸும்மா."

"கம்ப்யூட்டருல போட்டாலும் கேஸு கேஸுதான? பெண்ணாடத்துக்காரங்களா போட்டாங்க?"

படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "பொட்டியா? பொட்டின்னு சொல்லித் தொலையேன்டா. நெஞ்சு அடிச்சிக்கிச்சு."

பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: வெள்ளைதான். எங்கள் வீட்டில் தூசி என்றால் வெள்ளை. அப்பாவின் சட்டையோடு வரும், ஜன்னல் கம்பியில் படியும், தண்ணீர்க் குடத்தின் மூடியில்கூட விரலால் எழுதலாம். என் பழைய கறுப்புக் கம்ப்யூட்டரைத் துடைக்காமல் விட்டால் விபூதி பூசியதுபோல் நிற்கும். துடைத்துத் துடைத்து வெறுத்துப்போனவன் நான். வெள்ளைப் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை, தூசி கண்ணுக்கே தெரியாது. படத்தைப் பெண்ணாடத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன். பிடித்திருக்கிறது என்றாள். ஆர்டர் போடப் போன விரலைப் பின்னுக்கு இழுத்தேன். மேஜை அளவு கேட்கவில்லையே. போனில் கேட்டிருக்கலாம்தான். இருப்புக் கொள்ளாமல் பெண்ணாடம் பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டி முடித்த கொல்லையில் தோகையைக் கொளுத்தியிருந்தார்கள். கருகிய தோகை நூல் நூலாகக் காற்றில் மிதந்து வந்து வாசலில், கொடியில் காய்ந்த துணியில், என் சட்டைக் கையில் இறங்கியது. தட்டப் போனேன். அவள் அம்மா தடுத்தார். "தேய்க்காதீங்க தம்பி, ஈஷிக்கும். வாயால ஊதி உடுங்க."

அவள் அறையில் மேஜை மேலும் அதே கறுப்பு. என் வெள்ளைப் பெட்டியை மனசுக்குள் அங்கே வைத்துப் பார்த்தேன். உலகத்துத் தூசியெல்லாம் விருத்தாசலத்துத் தூசி என்று நினைத்திருக்கிறேன்.

"வெள்ளை வேணாம். கறுப்பா மாத்திடறேன். தூசி தெரியாது" என்றேன்.

"தெரியலன்னா நான் தொடைக்க மாட்டேண்ணா" என்றாள் அவள். "வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க."

வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "தட்டு கழுவச் சொன்னா, அழுக்கு எங்க இருக்குது காட்டுன்னு நிக்கற பொண்ணு அது."

மேஜையை மட்டும் அளந்துகொண்டு திரும்பினேன். பஸ்ஸில் என் பழைய கம்ப்யூட்டர் ஞாபகத்துக்கு வந்தது. அது இத்தனை வருஷம் ஓடுவதற்குக் காரணம் அதன் கறுப்பு நிறம். வெள்ளைத் தூசி கண்ணை உறுத்தியதால்தான் தினமும் துணியை எடுத்தேன். தூசியை மறைக்கிற பெட்டியாக இருந்திருந்தால் தூசி உள்ளே சத்தமில்லாமல் சேர்ந்து விசிறியை அடைத்திருக்கும். சூடேறி மிஷின் நின்றபிறகுதான் தெரிந்திருக்கும்.

வெள்ளையே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் நான் முதலில் பார்த்த பெட்டியில் தூசியைத் தடுக்கும் வலையைக் கழற்றத் திருப்புளி வேண்டும். கையால் இழுத்தாலே முன்பக்க வலை வந்துவிடுகிற வேறொன்றைத் தேடினேன். அது கிடைத்து வந்து சேர்கிறவரை தெருமுனை டீக்கடைக்காரர், "ஒக்காந்துதான் குடியேன்ப்பா" என்று அலுத்துக்கொண்டார்.

மிஷினைக் கட்டி, கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தபிறகும் நிம்மதி வரவில்லை. போன் அடித்தாலே நின்றுவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். ஒருநாள் அவளிடமிருந்து படம் வந்தது. கையில் கரி அப்பிய வலை, பின்னால் பளிச்சென்று வெள்ளைப் பெட்டி. கீழே, 'ஊதிட்டேன்ணா' என்று எழுதியிருந்தாள்.

அப்பாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். "இவ்ளோ கரியா. ஓடுதா?"

"ஓடுதுப்பா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு எழுந்துவிட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் கூடத்தில் நடந்தேன்.

"இல்ல மச்சான், அந்த வேலைய வேற யாருக்காச்சும் சொல்லிடுங்க" என்பது கேட்டது. "அவன் இங்கயே இருக்கட்டும். ஏதோ கேஸு இருக்குதாம்."

மறுமுனையில் மாமா போட்ட சத்தம் கூடம்வரை கேட்டது.