டிரைவரம்மாவின் எல் போர்டு

பஸ்ஸில் ஏறியதும் டிரைவரம்மா போய் உட்காருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். டிரைவரின் கை, கால், கண்ணாடி மூன்றும் தெரிகிற முன் சீட். அதில் வேறு யாராவது இருந்தால் பக்கத்திலேயே நின்றுகொண்டு வருவாள். உட்கார இடம் கிடைத்துவிட்டாலோ, கைகள் சும்மா இருக்காது. மடியில் இருக்கிற கைப்பை ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் ஆகிவிடும். வண்டி குலுங்கி நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

“சிக்னல் தூரத்துலயே செவப்பாத்தானே தெரிஞ்சுச்சு? கிட்ட வந்து குத்துறாரு பாரு பிரேக்க. நிக்கிறவங்கல்லாம் மனுசங்களா, மூட்டையா?”

அவள் பேசுவது யாருக்கும் புரியாத ஊர் என்பதால் தாராளமாக, சத்தமாகவே சொல்வாள். புரிகிற ஒரே ஆள் பள்ளிக்கூடம் போகிற மகள். அவள் கடைசி வரிசையில், இந்த அம்மாவை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

டிரைவரம்மா என்பது பழைய ஊர் டிப்போ வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே டவுன் பஸ் ஓட்டியவள். சந்தை நாளில் ஆண் டிரைவர்களே முகம் சுளிக்கிற ரூட்டைக் கேட்டு வாங்கி ஓட்டினாள். நிறைமாதக்காரி ஏறினால் வண்டியின் நடையே மாறிவிடும் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்களை ஏசுவதில்லை. வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மற்ற பயணிகளே அவர்களை உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த பஸ்ஸில்தான் அவள் கணவர் தினமும் ஆபீஸ் போனார். கணக்கு எழுதுகிற மனிதர். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டி அறியாதவர்.

ஊரை விட்டு வெளிநாட்டுக்குக் கிளம்புகிற யோசனை அவருடையது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே பேச்சு. அந்த நாட்டில் பஸ் ஓட்ட ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்களாம். வேலை உண்டு, மரியாதை உண்டு, பெண்ணுக்குப் படிப்பு உண்டு. “உன்ன மாதிரி ஆளுன்னா கையில வச்சுத் தாங்குவாங்க” என்று அவர் சொன்னதை அவள் இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். ஆக, திட்டமெல்லாம் அவருடையது, முதலீடு அவளுடைய கையும் காலும் கண்ணும். அவர் முதலில் போய் ஒரு கிடங்கில் கணக்கு வேலையில் சேர்ந்தார். அடுத்த வருஷம் அவள் காக்கிச் சட்டையை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினாள்.

வந்து இறங்கியவர்களுக்கு அந்த நாடு கொஞ்ச காலம் தாராளம் காட்டுகிறது. பழைய லைசென்ஸை வைத்து வண்டி ஓட்டலாம். அந்தக் கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தால், பரீட்சை ஒன்றும் இல்லாமலே உள்ளூர் லைசென்ஸாக மாற்றித் தருவார்கள். அவளுக்கு இது தெரியும். வந்த வாரத்திலேயே கேட்டாள். மொழி தெரிந்தவர் அவர்தானே, அழைத்துப் போகச் சொன்னாள்.

“மொதல்ல வீடு செட்டாகட்டும். பாப்பா ஸ்கூல் செட்டாகட்டும். லைசென்ஸ் எங்க ஓடிப் போகுது?” என்றார் கணவர்.

வீடு செட்டானது. சோபா வந்தது. திரைச்சீலைக்கு நிறம் பார்க்கவே கடை கடையாக ஏறி இறங்கினார். சோபாவுக்குத் திரைச்சீலை பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனார். அவள் ஞாபகப்படுத்தும்போதெல்லாம் அடுத்த வாரம் என்றார். கடைசியில் அலுவலகத்துக்குப் போய் நின்றபோது, கெடு முடிந்து நாளாகிவிட்டது, இனி எல்லோரையும் போல முதலிலிருந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் கம்பெனியோ, இந்த ஊர் கார் லைசென்ஸ் இருந்தால்தான் பயிற்சிக்கே சேர்ப்போம் என்றது. டிரைவரம்மா ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலைக்குப் போனாள். திரைச்சீலை மட்டும் சோபாவுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கூத்து இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரில் முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்தில், லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த வீட்டில் லைசென்ஸ் உள்ளவர் யார்? முன்னால் வந்த வருஷத்தில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தட்டுத்தடுமாறித் தேறிய கணவர்தான். ஏணியைப் பிடிப்பதுபோல ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர். ரிவர்ஸ் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறவர். அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, டிரைவரம்மாவுக்கு ஓட்டச் சொல்லித் தர உட்கார்ந்தார்.

“பாத்து, பாத்து. ஆளு வருது. மெதுவா. கியர மாத்து. நான் சொல்றேன்ல.”

ஆள் வருவது அவர் சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே அவளுக்குத் தெரியும். அந்த ஆள் குறுக்கே வரப்போகிறாரா, நின்று யோசிக்கப்போகிறாரா என்பதுகூடத் தெரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பக்கத்தில் அவர், தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, கால்மிதியை ஒரு பக்கமாகச் சுருட்டிவைத்தார். ஒரே ஒருநாள் அவளுக்கும் பிசகியது. ஏதோ யோசனையில் காரைச் சாலையோரமாக ஒதுக்கி, பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நின்ற சனங்களுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். அவர்கள் குனிந்து காருக்குள் பார்த்தார்கள். அவருக்கு அது ஒரு மாதத்துக்குப் போதுமான சிரிப்பு. சொந்தக்காரர்களுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னார். அவளோ அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கை தானாக ஒதுக்கிய அந்த இடத்தில் ஏற யாரும் இல்லாமல் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை.

முதல் பரீட்சையில் தோற்றாள். ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. பரீட்சை வைத்த மனிதர் நல்ல மாதிரி, குரலை உயர்த்தாமல் நிதானமாகச் சொன்னார். கண்ணாடிகளைப் பார்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. பார்த்தேன் என்றாள். பார்த்திருக்கலாம், பார்த்ததாக எனக்குத் தெரியவில்லையே என்றார் அவர். டிரைவரம்மா பார்ப்பது கண்ணால். பெரிய பஸ்ஸின் கண்ணாடிகளுக்குப் பழகிய கண் அது, போய்விட்டு வருவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த ஊர் விதிக்குத் தலை திரும்ப வேண்டும். கழுத்து அசைய வேண்டும். கணவர் தேறியது எப்படி என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் பந்தாட்டம் பார்க்கிறவர் மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டேதான் ஓட்டுவார், முன்னால் போகிற வண்டி மட்டும் கண்ணில் படாது.

அன்று சாயங்காலம் அவர் தன் அண்ணனுக்குப் போன் செய்தார். சமையலறையில் நின்ற அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

“அவளுக்குக் கண்ணாடி பாக்கவே தெரியலண்ணே. நானும் பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டேதான் இருக்கேன்.”

டிரைவரம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கணவரை எதிர்த்துப் பேசிப் பழகியவள் இல்லை. டிப்போவில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு வருகிறவள், வீட்டில் அமைதி. அன்று அந்த வழக்கம் போயிற்று.

“உங்க அண்ணன்கிட்ட இதையும் சேத்துச் சொல்லுங்க. இத்தனை வருசம் என் பஸ்ஸுல தூங்கி வழிஞ்சீங்களே, உங்க ஆபீஸ் ஸ்டாப்பு வந்ததும் கண்டக்டர விட்டு எழுப்புனது யாரு? நீங்க தூங்குறது எனக்கு எதுல தெரிஞ்சுச்சு?”

அவர் அப்புறம் பேசுவதாக அண்ணனிடம் சொல்லிப் போனை வைத்தார். மறுநாள் காரில் ஏறியதும் “கண்ணாடி, கண்ணாடி” என்று மறுபடி ஆரம்பித்தார். சில பேரை என்னதான் செய்வது?

வழி சொன்னது மகள்தான். ஓட்டுவதில் தப்பில்லை, பார்ப்பதைப் பார்க்கிறவருக்குக் காட்ட வேண்டும், கொஞ்சம் நடித்துவிடு என்றாள். இதுதான் டிரைவரம்மாவுக்குத் தாங்கவே முடியாததாக இருந்தது. “நடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு பஸ் ஓட்டப் போறேன்?” என்று கேட்டாள். தெரிந்த வேலையைத் தெரிந்த மாதிரி நடித்துக் காட்டினால்தான் நம்புவேன் என்கிற ஊர் என்ன ஊர்? ஆனாலும் நடித்தாள். படுக்கை விரிப்பு மடிக்கும்போது இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. கழுத்தில் சுளுக்கா என்று மேற்பார்வைக்காரி தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். டிரைவரம்மா நன்றி சொல்லி அதை வாங்கித் தேய்த்துக்கொண்டாள், ஏனென்றால் நிஜமாகவே வலித்தது.

போன வாரம் இரண்டாவது பரீட்சை. இந்த முறை தேறிவிட்டாள். தற்காலிக லைசென்ஸாக ஒரு தாளைக் கையில் கொடுத்து, இனி நீங்கள் தனியாகவே ஓட்டலாம் என்றார் பரீட்சை வைத்தவர். அவள் முதல் வேலையாகக் குனிந்து எல் போர்டுகள் இரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். பின்னாலிருந்தது சுலபமாக வரவில்லை. மூலையில் கொஞ்சம் கிழிந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அதையும் விடாமல் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

கணவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி, நடைபாதையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“பாஸுண்ணே, பாஸு. பின்ன, இத்தனை நாளா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தது யாரு? நாந்தானே.”

சொல்லிக்கொண்டே, ஒரு நிமிஷம் இரு என்று அவளுக்குக் கதவிலிருந்து கையை எடுத்து விரலைக் காட்டினார். டிரைவரம்மா எட்டி அந்தக் கதவைச் சாத்தினாள். பிறகு வண்டியை நகர்த்தி, பஸ் கம்பெனி இருக்கிற பக்கமாகத் திருப்பினாள்.