சனியைக் காட்டிய மோகனராஜ்

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் மோகனராஜ் அண்ணன், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்துக் கடுகளவு பாகங்களைச் சோதிப்பவர். போன வருஷம் அவருக்கு எதையாவது பெரிதாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

முதலில் கைப்பேசியில் தேடி ஒரு தொலைநோக்கி வாங்கினார். அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பக்கத்தில் யாராவது இருமினாலே அதன் முக்காலி ஆடும், நிலாவும் கூடவே ஆடும். உடன் வேலை செய்யும் ஹைதர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மடங்குக் கணக்கெல்லாம் பாக்காதீங்கண்ணே. குழாயோட வாய் எவ்வளவு அகலம், ஸ்டாண்டு ஆடாம நிக்குதா, அத மட்டும் பாருங்கலா."

அப்படி வந்ததுதான் இரண்டாவது. அகன்ற வாயோடு, தரையில் ஒரு மரப்பெட்டிக்குள் உட்காரும் குண்டுக் குழாய். மனைவி சுபாஷினி அக்கா அதைத் தண்ணீர்த் தொட்டி என்றுதான் சொல்வார்.

அண்ணனுக்கு ஒரே ஆசை, அக்காவுக்குச் சனியைக் காட்டவேண்டும். அக்காவுக்கோ ஏழரைச் சனி நடக்கிறது. கோயிலில் சனீஸ்வரனைக்கூட ஓரமாக நின்று கும்பிடுகிறவர்.

"நாம நேராப் பாத்தா அவரும் நம்மள நேராப் பாப்பாருங்க. வேணாம்லா!"

அக்கா கணக்கில், அண்ணன் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க மறந்து சம்மன் வந்தது சனியால். புக்கிட் மெர்தாஜாம் கல்யாணத்தன்று அண்ணன் அசைந்து அசைந்து கிளம்பி அக்கரைக்குப் போகும் ஃபெரியைத் தவறவிட்டதும் சனியால். இந்த ஏற்பாட்டில் அண்ணனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். வியாழனைக் காட்டுங்கள் என்று நான்கூடச் சொன்னேன். கேட்டால்தானே!

ஒரு சாயங்காலம், இருட்டியதும் கார் பார்க்கின் மொட்டை மாடியில் தொட்டி இறங்கியது. ஒரு கூட்டமே வரிசையில் நின்றோம். எதிர்வீட்டு நூர்ஜான் அக்கா கண்ணை வைத்ததும், "யா அல்லா, மோதிரம் போட்டிருக்கு!" என்று கத்தினார். அதற்குமேல் சுபாஷினி அக்காவால் தாங்க முடியவில்லை. முதலில் கோயிலில் நிற்பதுபோல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது. அண்ணன் மூச்சுவிடாமல் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு நேராகவே பார்த்துவிட்டார்.

வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டூண்டா?"

"ஆமா. நூறு கோடி கிலோமீட்டருக்கும் அந்தாண்ட இருக்காரு."

"அவரு பாட்டுக்கு சும்மா இருக்காரு, பாவம்."

"அதத்தானே நானும் சொல்றேன்!" அண்ணன் முகமெல்லாம் பல். ஜெயித்துவிட்டார்.

அக்கா கண்ணை எடுத்து அண்ணனை நேராகப் பார்த்தார்.

"அப்ப ரோட் டேக்ஸ், ஃபெரி, எல்லாமே நீங்கதானா?"